பழைய மடிக்கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவினால் வேகம் திரும்புமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013இல் அப்பா வாங்கிய மடிக்கணினி. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 8 உடன் வந்தது, பிறகு விண்டோஸ் 10 ஆக மாற்றப்பட்டது. இப்போது திறந்து வேலைக்கு வரப் பத்து நிமிடம் எடுக்கிறது. தங்கைக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. அவர் படிப்பதற்கு இதைச் சரிசெய்து கொடுக்க விரும்புகிறீர்கள். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காட்டியபோது, "போமட் செய்து விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம், புதிது மாதிரி ஓடும்" என்றிருக்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்யலாமா, செய்தால் வேகம் வருமா, அப்பாவின் படங்களும் கடிதங்களும் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகளாக எழுதியிருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கோளாறு விண்டோஸ் என்ற இயங்குதளத்திலா, இயந்திரத்திலா? அதைப் பார்க்காமல் போமட் செய்வது, அதாவது டிஸ்க்கை முழுதாக அழித்துத் தொடங்குவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் பனடோல் கொடுப்பதைப் போன்றது. இரண்டு நாள் அடங்கும், பிறகு திரும்பி வரும்.

நான் பதினெட்டு வருடமாக வெள்ளவத்தையில் கணினி திருத்துகிறேன். தொடக்கத்தில் வன்பொருள் டிப்ளோமா ஒன்று படித்தேன். மீதி எல்லாம் மேசையில் கற்றுக்கொண்டது. "விண்டோஸ் பழுதாகிவிட்டது" என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும் பத்துப் பன்னிரண்டு வயது மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் விண்டோஸுக்கு ஒன்றும் பெரிதாக ஆகியிருக்காது; ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருக்கும். இது என் மேசையின் அனுபவம், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான விதி அல்ல. ஆனாலும் 2013ஆம் ஆண்டு இயந்திரம் இன்னமும் முதல் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடுகிறது என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும்.

மீண்டும் நிறுவினால் எது தீரும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. வருடக்கணக்கில் சேர்ந்த தேவையற்ற மென்பொருள்கள், கணினியைத் திறந்தவுடன் தாமாக எழுந்து வரிசையில் நிற்கும் செயலிகள், ஒன்றோடொன்று மோதும் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், பாதியில் நின்றுபோன புதுப்பிப்புகள், உண்மையான வைரஸ்: இவை எல்லாம் போகும். தீராதவை வேறு. தேய்ந்த டிஸ்க் தேய்ந்ததாகவே இருக்கும். 4 ஜிபி ரேம் 4 ஜிபியாகவே இருக்கும். தூசியால் அடைபட்ட விசிறி அடைபட்டபடியே இருக்கும். சூடு ஏறினால் புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதை எந்த இயங்குதளமும் தடுக்காது. பாடப்புத்தகத்தில் இயங்குதளத்தைப் பணிசெயல் முறைமை என்று தங்கை படித்திருப்பார். அந்தப் பெயர் சொல்வதுபோல அது பணிகளை ஒழுங்குபடுத்தும் முறைமை மட்டுமே. பணி செய்யும் உறுப்புகள் வேறு.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படி இழுத்தடிக்கிறது என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு கடைக்காரர் சொல்வதை எடைபோடுவது எளிது. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் தட்டு. அதாவது விநாடிக்கு 90 சுற்று. தேவையான தகவல் வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்து மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். ஆகவே சிதறிக் கிடக்கும் சிறிய கோப்புகளை அது விநாடிக்கு அறுபது, எழுபது என்ற அளவில்தான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் 10 திறக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகளை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சில்லு வகைச் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முனை இல்லை. மிக மலிவானதுகூட விநாடிக்குப் பல ஆயிரம் தடவை எடுத்துத் தரும். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த வித்தியாசம். தேய்ந்த டிஸ்க்கில் ஒரே இடத்தை வாசிக்க முனை திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும்; அந்த நேரம் முழுவதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது, விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மனேஜர். கணினி திறந்து பத்து நிமிடம் கழிந்த பிறகும், நீங்கள் எதையும் செய்யாதபோதும், டிஸ்க் என்ற நெடுவரிசையில் 100 சதவீதம் என்று நின்றால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான். டிஸ்க் அமைதியாக இருந்து ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் கதை வேறு, ரேம் போதவில்லை. இரண்டாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பேட்டை அது வாசித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இன்றைக்கே கோப்புகளை எடுத்துவிடுங்கள். நிறத்தோடு நின்றுவிடாமல் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். 05 என்பது பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள். சி5 என்பது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது திருத்த முடியாதவை. சி5 பூச்சியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் நான் எந்த இயங்குதளத்தையும் நிறுவமாட்டேன். மூன்றுமே பூச்சியமாக இருந்தாலும் டிஸ்க் நலம் என்று உறுதிகூற முடியாது. எந்த எச்சரிக்கையும் தராமல் ஒரே நாளில் நின்றுபோன டிஸ்க்குகளையும் கண்டிருக்கிறேன். குறிப்பேடு கெட்டது என்று சொன்னால் நம்பலாம், நல்லது என்று சொன்னால் அரைவாசிதான் நம்பலாம்.

காதையும் பயன்படுத்துங்கள். இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மடிக்கணினியின் கைவைக்கும் பகுதியில் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய உறுமலும் இடையிடையே அரிசி கொறிப்பது போன்ற ஓசையும் இயல்பு. ஒரே தாளத்தில் 'டிக்... டிக்... டிக்' என்று கேட்டு, பிறகு சுழற்சி நின்று மீண்டும் தொடங்கினால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் மேலும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டக்கூடும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதைத்தான் முதலில் வைத்திருப்பேன். தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர் மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். "எதை எடுத்து வைக்க வேண்டும் ஐயா?" என்று கேட்டேன். "டெஸ்க்டொப்பில் நாலைந்து கடிதம் இருக்கிறது தம்பி, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, மீதியைப் பார்க்காமல் போமட் செய்து, விண்டோஸை நிறுவிக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து வந்து நின்றார். காலமான மனைவி திருவெம்பாவை பாடியதை மகன் அந்தக் கணினியில் பதிவுசெய்து வைத்திருந்தாராம்; அது எங்கே என்று கேட்டார். மகன் அதை சி டிரைவில் தன் பெயரில் ஒரு தனிக் கோப்புறை திறந்து போட்டிருக்கிறார். அது அவருக்கும் தெரியாது, நான் தேடவுமில்லை. மூன்று இரவு மீட்பு மென்பொருள்களை ஓடவிட்டேன். புதிய விண்டோஸ் அந்த இடத்தின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. கிடைத்தது பெயரில்லாத ஒரு துண்டு, பதினொரு விநாடி. அதை அவருக்கு ஒரு சீடீயில் எழுதிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் டிஸ்க் முழுவதையும் பிரதி எடுக்காமல் நான் போமட் செய்வதில்லை.

அப்பாவின் கணினியிலும் அவர் மறந்துபோனவை இருக்கும். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றோடு சி டிரைவின் முதல் மட்டத்தில் யாரோ திறந்துவைத்த கோப்புறைகளையும் பாருங்கள். பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களையும் புக்மார்க்குகளையும் ஏற்றுமதி செய்து வைக்கலாம். அப்பா அவுட்லுக் பயன்படுத்தியிருந்தால் அவருடைய மின்னஞ்சல்கள் பிஎஸ்டி என்று முடியும் ஒரே கோப்பில் இருக்கலாம். கணக்கு மென்பொருள் ஏதும் இருந்தால் அதன் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை அந்த மென்பொருளுக்குள்ளேயே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்காது. டி டிரைவில் இருப்பது பத்திரம் என்ற நம்பிக்கை இங்கே பலரிடம் இருக்கிறது. ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒன்றை சி, மற்றதை டி என்று பெயரிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். நிறுவும்போது ஒரு பிழையான சொடுக்கிலும் டி போய்விடும்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று இன்னுமொன்று உண்டு, அதை எந்த வழிகாட்டியிலும் நான் கண்டதில்லை. அப்பாவின் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் இலங்கையில் பாடசாலை வினாத்தாள் முதல் கல்யாண அழைப்பிதழ் வரை அதில்தான் அடித்தார்கள். பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் அணிவித்திருக்கும் எழுத்துரு அது. புதிதாக நிறுவிய கணினியில் பாமினி இருக்காது. கடிதத்தைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல் இருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களை நான் அறிவேன். கோப்பு கெடவில்லை, உடுப்புத்தான் இல்லை. ஆகவே போமட் செய்வதற்கு முன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் அப்பா பயன்படுத்திய வேறு தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுத்து வையுங்கள். அவர் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை முறையில் பழகியவரா, பாமினி முறையில் பழகியவரா என்றும் கேட்டு வையுங்கள். விரல் பழகிய முறையைத் திரும்ப அமைத்துக் கொடுக்காவிட்டால் அவருக்கு அது வேறொருவரின் கணினி.

பிரதி எடுப்பதற்கு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். சி5 எண் கூடியிருந்தால் முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் பிரதி எடுக்க முயலாதீர்கள். ஈடுசெய்ய முடியாதவற்றை, அதாவது படங்களையும் ஒலிப்பதிவுகளையும் கடிதங்களையும், முதலில் எடுங்கள். பாடல்களும் சினிமாப் படங்களும் இணையத்தில் திரும்பக் கிடைக்கும். எடுத்து முடிக்கும்வரை டிஸ்க்கைச் 'சரிசெய்யும்' கட்டளை எதையும் ஓடவிடாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அது பெரும் சுமை. விண்டோஸ் திறக்கவே மறுத்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல், அதிலிருந்தே கணினியைத் திறந்து கோப்புகளை எடுக்கலாம். பிரதி எடுத்த பிறகு பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் திருப்திப்படாமல் வேறொரு கணினியில் ஒவ்வொரு கோப்புறையிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். பெயர் இருந்து உள்ளே சாம்பல் நிறம் மட்டும் இருந்த படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எந்த இயங்குதளம் என்பது. விண்டோஸ் 11 வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. மைக்ரோசொப்ட் அதற்கு எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசசரையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. உங்களுடையது மூன்றாம் தலைமுறை. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் அந்தச் சோதனையைத் தவிர்த்து நிறுவ முடியும், கடைக்காரர் அதைத்தான் செய்யப்போகிறார். அது ஓடும். ஆனால் தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட்டே எழுதிவைத்திருக்கிறது. 4 ஜிபி ரேமில் அது விண்டோஸ் 10ஐவிடக் கனமாகவும் இருக்கும். விண்டோஸ் 7க்குத் திரும்பினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது, 2023இன் தொடக்கத்தோடு குரோம் பிரௌசரும் அதைக் கைவிட்டுவிட்டது. இணையத்தில் படிக்கும் பிள்ளைக்கு அது ஆகாது.

விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்று 2026 ஒக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கோடு அமைப்புகளை மேகத்தில், அதாவது அவர்களுடைய இணையச் சேமிப்பில், காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணமில்லாமலும், இல்லாவிட்டால் 30 டொலருக்கும் அதில் சேரலாம். அதற்கு விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். ஆக, விண்டோஸ் 10 உங்களுக்கு ஓர் இடைக்கால வழி. உங்கள் கணினி ஏற்கனவே விண்டோஸ் 10இல் முறையாகச் செயற்படுத்தப்பட்டிருந்தால் (அக்டிவேட்) உரிமச் சாவி எண் தேடி அலைய வேண்டியதில்லை. உரிமம் மதர்போர்ட் எனும் தாய்ப்பலகையின் அடையாளத்தோடு மைக்ரோசொப்ட்டிடம் பதிவாகியிருக்கும். நிறுவும்போது "என்னிடம் சாவி இல்லை" என்பதைத் தெரிவுசெய்து, முன்பிருந்த அதே பதிப்பை நிறுவினால் இணையம் கிடைத்தவுடன் தானாகச் செயற்படும். டிஸ்க்கையும் ரேமையும் மாற்றினாலும் அது போகாது. பதிப்பு ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, புரோவா என்பதை இப்போதே அமைப்புகளில் பார்த்து எழுதி வையுங்கள். பதிப்பை மாற்றி நிறுவிவிட்டு உரிமம் போய்விட்டது என்று வருபவர்கள் அதிகம். கடையில் 'அக்டிவேட் செய்து தருகிறோம்' என்றால் எப்படி என்று கேளுங்கள். போலிச் செயற்படுத்தி மென்பொருள்கள் பெரும்பாலும் வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டே ஓடுகின்றன. அவற்றோடு வேறு எது உள்ளே வருகிறது என்பதை நிறுவுபவரும் அறியமாட்டார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அப்படி உரிமமில்லாமல் பாவிப்பது குற்றமும்கூட.

தங்கையின் தேவை பிடிஎஃப் வாசிப்பது, ஸூம் வகுப்பு, யூடியூப், கட்டுரை தட்டச்சு செய்வது என்றால் நான் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், 4 இருந்தால் நல்லது என்பதே அவர்களுடைய அளவு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. காசு இல்லை, உரிமச் சிக்கல் இல்லை. லிப்ரேஒபிஸ் அதோடு வருகிறது, ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது, ரெங்கநாதன் விசைப்பலகையையும் அமைக்கலாம், பாமினி எழுத்துருவையும் ஏற்றலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதாவது ஆசிரியர் கேட்டிருந்தால் முடிவு மாறும். அதை முதலில் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பென் டிரைவில் ஏற்றி இரண்டு நாள் அவருக்கே காட்டுங்கள். அவருக்குப் பிடிக்காத ஒன்றை நாம் நல்லது என்று திணித்துப் பயனில்லை.

வீட்டில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், வேறொரு நல்ல கணினியும், ஓர் அமைதியான பிற்பகலும் வேண்டும். விண்டோஸ் என்றால் மைக்ரோசொப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல், மின்ட் என்றால் அவர்களுடைய தளத்திலிருந்து எடுக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான முழுப் பிரதி) பென் டிரைவில் எழுத ரூஃபஸ். பதிவிறக்கம் பல ஜிபி வரும். உங்கள் இணையப் பொதியில் இரவு நேரத்துக்குத் தனி அளவு இருந்தால் அந்த நேரத்தில் விட்டுவிட்டு நித்திரைக்குப் போகலாம். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கணினியைப் பென் டிரைவிலிருந்து திறக்க, இயக்கியவுடன் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்: டெல், லெனோவோ என்றால் பொதுவாக எஃப்12, எச்பி என்றால் எஃப்9, அசூஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனு பயாஸுக்குள், அதாவது கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளுக்குள், அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி உள்ளே போய் அதை இயக்க வேண்டும்.

இந்த வயதுக் கணினிகளில் எல்லோரையும் மறிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2012, 2013 காலப்பகுதி பழைய பயாஸ் முறையிலிருந்து யூஇஎஃப்ஐ முறைக்கு மாறிய காலம். ஒரே கணினியில் இரண்டும் இருக்கும். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டு, பென் டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் திறந்திருந்தால், "இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது" என்று விண்டோஸ் மறுத்துவிடும். டிஸ்க் பழுது என்று நினைக்க வேண்டாம். புதிய, வெறுமையான எஸ்எஸ்டி என்றால் இந்தத் தொல்லையே வராது. பழைய டிஸ்க் என்றால், எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு அதிலுள்ள எல்லாப் பிரிவுகளையும் அழித்து வெற்றிடமாக்கி அதைத் தெரிவுசெய்தால் விண்டோஸ் தானாகப் பிரித்துக்கொள்ளும். அந்தத் திரைக்கு வருவதற்கு முன் காப்பெடுத்த வெளி டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். அந்தப் பட்டியலில் டிஸ்க்குகள் 0, 1 என்ற இலக்கத்தோடுதான் நிற்கும். காப்பையே அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய மடிக்கணினியின் பற்றரி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். வயரைக் கழற்றினால் அரை நிமிடத்தில் அணைந்துவிடும். 2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் இப்படிப்பட்ட கணினிகள் பாதி எழுதிய டிஸ்க்கோடு என்னிடம் வரிசையாக வந்தன. மின்சாரம் உறுதியாக இருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். நிறுவும்போது மின்சாரம் போனால் திரும்பத் தொடங்கலாம், பெரிய கேடில்லை. பயாஸைப் புதுப்பிக்கும்போது போனால் கணினியே எழும்பாமல் போகலாம். தேவையில்லாமல் அதைத் தொட வேண்டாம்.

நிறுவியபின் வைஃபை வேலை செய்யாவிட்டால் பயப்படாதீர்கள், டிரைவர் (அந்த உறுப்பை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் இருக்கும். அண்ட்ராய்ட் கைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இணையம் கிடைக்கும். அதன்பின் மீதி டிரைவர்கள் தாமாக இறங்கும். சில பழைய புரோட்கொம் வைஃபை அட்டைகளுக்கு மின்ட்டில் டிரைவர் மனேஜரைத் திறந்து ஒரு தடவை அனுமதி கொடுக்க வேண்டும். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் திகதியைப் பாருங்கள். பத்து வருடம் பழைய திகதி நின்றால் மதர்போர்ட்டில் உள்ள சிறிய வட்டப் பற்றரி தீர்ந்திருக்கிறது. மலிவான பொருள்தான், ஆனால் அதற்காகத் தரமான கணினிகள் வீசப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

காசு செலவழிக்கும் இடம் எது என்று கேட்டால், போமட் கூலியைவிட 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றுக்கு. இரண்டரை அங்குல அளவு, பழைய டிஸ்க் கழன்ற இடத்திலேயே பொருந்தும். அதோடு 4 ஜிபி ரேம் ஒன்று சேர்த்தால் மேலும் நல்லது. டிடிஆர்3 வகை என்று சொல்லிக் கேளுங்கள், டிடிஆர்4 பொருந்தாது. கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள், உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். இயந்திரத்தைத் திறக்கும்போது விசிறியின் வாயைப் பாருங்கள். வெப்பத் தகட்டுக்கும் விசிறிக்கும் இடையில் தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருக்கும். மெல்லிய தூரிகையால் முழுத் துண்டாகவே எடுத்துவிடலாம். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து வரும் கணினிகளில் ரேமின் பொன்னிறப் பற்களில் உப்புக் காற்றால் மங்கல் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் துடைத்துத் திரும்பப் போடுங்கள். திறக்கவே மறுத்த எத்தனையோ கணினிகள் இந்த ஒரு வேலையில் எழும்பியிருக்கின்றன.

உங்கள் கணினியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எஸ்எஸ்டி போட்டால் திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. தங்கையின் படிப்பு முடியும்வரை மதர்போர்ட் தாங்குமா என்பதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. பன்னிரண்டு வயது மதர்போர்ட் நாளைக்கே நிற்கலாம், இன்னும் ஐந்து வருடம் ஓடவும் கூடும். அதனால்தான் நாளைக்கு வேறு கணினிக்குக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எஸ்டிக்குச் செலவழிக்கச் சொல்கிறேன். திரையின் கீல் உடைந்து, பற்றரி செத்து, விசைப்பலகையும் போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். அந்தக் காசுக்கு ஏழெட்டு வயதான நல்ல பாவித்த கணினி ஒன்று தேடலாம்.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு கடித உறைக்குள் போட்டு, வெளியே அப்பாவின் பெயரையும் கழற்றிய திகதியையும் எழுதி, ஈரம் படாத இடத்தில் ஒரு வருடமாவது வையுங்கள். எதை எடுக்க மறந்தோம் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். இப்போதைக்கு, 05, சி5, சி6 மூன்றும் என்ன எண் காட்டுகின்றன என்று பார்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.